கறுத்துப் போன முன்பல்: பிடுங்குவதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: வணக்கம் டாக்டர். சொந்த ஊர் தர்மபுரி பக்கம். பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். வயது 34. ஐந்து மாதத்துக்கு முன் போல்ட் முறுக்கும்போது ஸ்பானர் நழுவி மேல் முன்பல்லில் அடித்துவிட்டது. உதடு கிழிந்து கொஞ்சம் ரத்தம் வந்தது. பல் லேசாக ஆடியது, பத்து நாளில் ஆட்டம் நின்றுவிட்டது. முதலாளி 500 ரூபாய் கொடுத்தார், நானும் அத்தோடு விட்டுவிட்டேன். இப்போது அந்தப் பல் மட்டும் சாம்பல் நிறமாகிவிட்டது. மேலே ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வருவதும் உடைவதுமாக இருக்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டால் அமுங்குகிறது, அப்புறம் திரும்ப வருகிறது. வலி சுத்தமாக இல்லை. ஒரு கிளினிக்கில் ரூட் கேனால், கேப் இரண்டுக்கும் சேர்த்து 11,000 ரூபாய் என்றார்கள். இன்னொரு இடத்தில் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று மாமியார் சொல்கிறார். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், ஆனால் நான் அங்கே ஒரு தடவைகூடப் போனதில்லை. ரூட் கேனால் செய்தால் மறுநாள் வேலைக்குப் போக முடியுமா?
– பெயர் வேண்டாம், பீன்யா

பதில்: பிடுங்க வேண்டாம். நேரில் பார்க்காமல் இவ்வளவு உறுதியாகச் சொல்வது என் வழக்கமில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது காப்பாற்றக்கூடிய பல்தான். எக்ஸ்ரேயில் வேர் நெடுக விரிசல் தெரிந்தால் மட்டும் பேச்சு மாறும்.

'வலி சுத்தமாக இல்லை' என்பதை நல்ல சேதி போல எழுதியிருக்கிறீர்கள். அடிபட்ட பல்லைப் பொறுத்தவரை அது நல்ல சேதி இல்லை. பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் போவதற்கு இருக்கிற வழி, வேர் நுனியில் உள்ள ஊசிமுனை அளவுத் துளைதான். ஸ்பானர் அடித்த நொடியில் பல் தன் குழிக்குள் கொஞ்சம் அசைந்து, திரும்பத் தன் இடத்துக்கே வந்திருக்கும். அந்த அசைவில் நுனியிலிருக்கும் ரத்தக்குழாய் அறுந்துவிடும். வெளியே பல் முழுசாக இருக்கும், ஆட்டமும் நின்றுவிடும், ஆனால் உள்ளே உயிர் போயிருக்கும். உள்ளே கசிந்த ரத்தத்தின் நிறம் பல்லின் நுண்துளைகளில் ஊறுவதால்தான் இந்தச் சாம்பல் நிறம்.

செத்த சதை அப்படியே கிடந்தால்கூடப் பரவாயில்லை. பல்லின் மேல்பூச்சில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கிருமி இறங்கி, அந்தச் சதையைத் தின்று, வேர் நுனியைத் தாண்டி எலும்பை அரிக்கத் தொடங்கும். அங்கே சேரும் சீழ் எலும்பைத் துளைத்து ஈறு வழியாக வெளியே வருகிறது. உங்கள் கொப்புளம் அதுதான். குக்கரில் விசில் வழியாக ஆவி போய்க்கொண்டிருக்கிற வரை மூடி வெடிக்காது இல்லையா, அதுபோலச் சீழுக்கு வழி கிடைத்திருப்பதால் வலிக்கவில்லை. அந்த வாய் அடைபட்டால் ஒரே ராத்திரியில் உதடும் மூக்கடியும் வீங்கி, கண்ணுக்குக் கீழ் வரை ஏறும். அப்படி வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மாத்திரை விஷயம். ஆன்டிபயாடிக் ரத்தத்தில் கலந்துதான் எந்த இடத்துக்கும் போய்ச் சேரும். உங்கள் பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. சுற்றியிருக்கும் வீக்கம் அமுங்கும், உள்ளே கிருமி சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். நாலு நாள் கழித்துக் கொப்புளம் திரும்ப வருவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இனிமேல் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

சரி, ரூட் கேனால் என்றால் என்ன? லேத்தில் நிற்பவருக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபம், ஏனென்றால் எங்கள் கருவிகளின் பெயர்களே உங்கள் பட்டறைப் பெயர்கள்தான்: டிரில், ரீமர், ஃபைல். முன்பல்லின் பின்பக்கம், நாக்கு படும் இடத்தில், ஒரு சின்னத் துளை போடுவோம். மேல் முன்பல்லில் பெரும்பாலும் ஒரே கால்வாய்தான். கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு என்று இருக்கும், அதனால்தான் அங்கே கூலியும் நேரமும் கூடும். அந்தக் கால்வாய்க்குள் விடும் 15 நம்பர் ஃபைலின் முனை 0.15 மில்லிமீட்டர். பிறகு 20, 25 என்று ஒவ்வொரு சைஸாக ஏற்றிக்கொண்டே போய்ச் சுவரைச் சுரண்டுவோம். மேல் முன்பல் மொத்தமே சுமார் 23 மில்லிமீட்டர் நீளம். ஃபைலில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி, வேர் நுனிக்கு அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்த வேண்டும். தாண்டினால் எலும்பில் குத்தும், குறைந்தால் உள்ளே அழுக்கு தங்கும். வெர்னியர் பிடித்துப் பழகிய கைக்கு இது புரியும்.

ஃபைல் போட்டால் மட்டும் சுத்தமாகிவிடாது. சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற மருந்தால் திரும்பத் திரும்பக் கழுவுவோம், துணி வெளுக்கும் பிளீச்சிங் வகையறாதான் அது. அது தொண்டைக்குள் போகாமலும், எச்சில் பல்லுக்குள் போகாமலும் இருக்கப் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதுதான் முறை. உங்கள் டாக்டர் அதைக் கட்டுவாரா என்று தயங்காமல் கேளுங்கள். பட்டறையில் கண்ணாடி போடாமல் கிரைண்டரில் நிற்பவரை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்களோ, நான் அந்த விரிப்பில்லாத ரூட் கேனாலை அப்படித்தான் பார்க்கிறேன்.

சீழ் வரும் பல்லானதால் முதல் சிட்டிங்கில் உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூடி, ஒன்றிரண்டு வாரம் விடுவார்கள். இந்த இடைவெளியில் ஈறுக் கொப்புளம் தானாக மூட வேண்டும். அது மூடினால் உள்ளே சுத்தமாகிறது என்று அர்த்தம். அடுத்த சிட்டிங்கில் கட்டாபெர்ச்சா என்ற ஒரு வகை ரப்பரை வைத்து அடைப்பார்கள். மலாயாக் காட்டு மரம் ஒன்றின் பால் அது. அந்தப் பாலை வைத்து ஒருகாலத்தில் கடலுக்கடியில் தந்திக் கம்பிக்கு உறை போட்டார்கள், இப்போது நம் பல்லுக்குள் இருக்கிறது.

கொப்புளம் எந்தப் பல்லிலிருந்து வருகிறது என்று பார்க்க இதே கட்டாபெர்ச்சா குச்சியில் மெல்லிய ஒன்றைக் கொப்புளத்தின் வாய்க்குள் நுழைத்து எக்ஸ்ரே எடுப்பதுண்டு. வலிக்காது. படத்தில் அந்த வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போய்ச் சில சமயம் நாம் சந்தேகப்படாத பக்கத்துப் பல்லின் வேரைத் தொடும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்பானர் ஒரு பல்லோடு நின்றிருக்காது. இரண்டு பக்கத்துப் பற்களுக்கும் உயிர் இருக்கிறதா என்று குளிர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மாறாமலே செத்த பற்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலிக்குமா என்றால், மரப்பு ஊசி போடுவார்கள், அந்த ஊசி மூக்கடியில் கொஞ்சம் சுரீர் என்றிருக்கும். அதற்கப்புறம் செத்த பல்லில் வலிக்க என்ன இருக்கிறது? இரண்டு மூன்று நாள் கடித்தால் நோவு இருக்கலாம், பாராசிட்டமால் போதும்.

கேப் பற்றி. கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனால் செய்தால் கேப் வேண்டும், மென்று மென்று அது பிளந்துவிடும். உங்களுடையது உடையாத முன்பல். பின்பக்கத் துளையைப் பல் நிறப் பூச்சால் அடைத்தாலே போதும். சாம்பல் நிறத்துக்குப் பல்லின் உள்ளேயே வெளுக்கும் மருந்து வைத்துச் சில நாள் விட்டு நிறத்தைத் தேற்ற முடியும். நல்ல பல்லைச் சுற்றிலும் அரைத்துக் கேப் போடுவதற்கு முன் இதைக் கேட்டுப் பாருங்கள். 11,000-இல் பாதி அங்கேயே மிச்சமாகலாம்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: மேல் பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, கண் பார்வை நரம்பு வேறு. மேல் பல்லைப் பிடுங்கிப் பார்வை போன ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனாலும் உங்கள் விஷயத்தில் அவர் பயம் ஒரு நல்லது செய்திருக்கிறது, பல் இன்னும் வாயில் இருக்கிறது.

இப்போது இ.எஸ்.ஐ. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் நீங்களும் 3.25 சதவீதம் முதலாளியும் கட்டுகிறீர்கள். 18,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்கள் பங்கு மாதம் 135 ரூபாய். எட்டு வருடம் கட்டிவிட்டு எட்டிப் பார்க்காமல் இருக்கிறீர்களே! பலரும் நினைப்பது, விபத்து பதிவாகாவிட்டால் இ.எஸ்.ஐ.யில் வைத்தியமே கிடைக்காது என்று. அப்படி இல்லை. பல் எப்படிக் கெட்டிருந்தாலும் காப்பீட்டில் இருப்பவருக்கு வைத்தியம் உண்டு. அட்டையையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு உங்கள் பெயர் பதிவான டிஸ்பென்சரிக்குப் போங்கள். அங்கிருந்து சீட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போக வேண்டும். பீன்யாவிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது, ராஜாஜிநகரில் மருத்துவக் கல்லூரியோடு பெரியது இருக்கிறது. வரிசை இருக்கும், அரைநாள் போகும். அங்கே தாமதமானால் விக்டோரியா ஆஸ்பத்திரி பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. பீன்யாவில் பச்சை லைன் மெட்ரோ ஏறினால் எங்கும் மாறாமல் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கலாம். மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் கூடப் பிடிக்கும், ஆனால் அவசரப்பட மாட்டார்கள். அவசரமில்லாத கை ரூட் கேனாலுக்கு நல்லது.

விபத்துப் பதிவு எதற்கு என்றால், வேலையில் பட்ட காயம் என்று ஆவணம் இருந்தால்தான் அதற்குரிய மற்றச் சலுகைகள்: வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம், பின்னால் பல்லே போய்விட்டால் செயற்கைப் பல். பட்டறையில் விபத்துப் பதிவேடு இருக்க வேண்டும், சின்ன அடியானாலும் அன்றைக்கே அதில் எழுத வேண்டும். வாயால் சொன்னாலும் தகவல்தான், ஆனால் ஐந்து மாதம் கழித்து யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? இப்போதும் முயற்சி செய்யுங்கள். என்ன தேதி, எந்த மெஷின், யார் பக்கத்தில் நின்றார்கள் என்று ஒரு கடிதம் எழுதி முதலாளியிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பல் டாக்டரின் சீட்டில் 'அடிபட்டதால்' என்ற வார்த்தை இருக்கட்டும். இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு: வேலையில் பட்ட காயத்துக்கு ஆன மருத்துவச் செலவைத் தர வேண்டியது முதலாளி. இழப்பீட்டுச் சட்டம் 1923-இலேயே வந்தது, மருத்துவச் செலவை 2009-இல் சேர்த்தார்கள். 500 ரூபாயோடு அது முடியாது, ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

உங்கள் பட்டறையில் மற்றவர்களுக்காக ஒன்று. சில வருடம் முன் ஸ்ரீராமபுரத்தில் என் கிளினிக்குக்குச் சாரத்திலிருந்து விழுந்த ஒரு இளைஞரைக் கூட்டி வந்தார்கள். முன்பல் வேரோடு பெயர்ந்திருந்தது. கூட வந்த மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பல், சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்று வைத்திருந்தார். அவருக்கு அதில் பெருமைகூட. வேரின் மேல் உயிரோடு இருக்க வேண்டிய மெல்லிய தசைநார் முழுவதும் அந்தச் சோப்போடு போய்விட்டது, இரண்டு மணி நேரம் காய்ந்தும் போயிருந்தது. திரும்ப நட்டேன், ஆனால் அந்த வேரை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும் என்று நட்டபோதே தெரியும். அப்படி ஒரு பல் விழுந்தால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, மண் இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் ஒரு தடவை அலசி, அந்தக் குழியிலேயே செருகி, ஒரு துணியைக் கடித்துக்கொண்டு ஓடி வர வேண்டும். செருகத் தைரியம் இல்லையா, பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் பச்சை நந்தினி பால் வாங்கி அதில் போடுங்கள், காய்ச்சாத பால். அரை மணிக்குள் நட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு. டெட்டனஸ் ஊசியும் போட வேண்டும். மயக்கம், வாந்தி, தாடை சேராமல் போவது இருந்தால் பல்லை மறந்துவிட்டு முதலில் பெரிய ஆஸ்பத்திரி.

கடைசிக் கேள்வி: மறுநாள் வேலைக்குப் போகலாம். மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் விட்டுவிடும், அதுவரை உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை முடிந்து ஆறு மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுத்து எலும்பு நிரம்புகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம், இன்சுலேஷன் டேப்பை முன்பல்லால் கடித்துக் கிழிக்கிற பழக்கம் பட்டறையில் எல்லோருக்கும் இருக்கும். இனி அதற்குக் கத்திரி.