வக்கீல் வேஷம் வேண்டாம், நண்பராகவே போங்கள்

கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வக்கீல் என்று சொல்லி போலீஸ் பிடித்து வைத்திருக்கும் நண்பரை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரலாமா என்றால், கூடாது. வக்கீல்களுக்கான பார் கவுன்சில் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னால் அங்கேயே கதை முடிந்தது. ஆள்மாறாட்ட மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) 319-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. ‘கமிஷனர் ஆபீஸிலிருந்து பேசுகிறேன்’ என்று போன் போடும் யோசனை இன்னும் மோசம்: அரசு ஊழியராக நடிப்பதற்கு அதே சட்டத்தின் 204-ஆம் பிரிவு, குறைந்தது 6 மாதம் சிறை.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. பிடி கொடுக்காமல் பேசினால், கைது இன்னும் பதிவாகாமல் இருக்கலாம். அதனால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: “கைதா சார், விசாரணையா? கைதென்றால் என்ன பிரிவு?” கைது செய்தால், கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டியது போலீஸின் கடமை. அந்த நண்பர் நீங்களாகவே இருக்கலாம், வேஷம் எதற்கு?

ஜாமீனில் விடக்கூடிய பிரிவென்றால் ஸ்டேஷனிலேயே விடலாம். ஜாமீன்தாரர் ஒருவரை ஆதாரோடு கூட்டிப் போங்கள்.

ஜாமீனில் விட முடியாத பிரிவென்றால் ஸ்டேஷனில் ஜாமீன் கேட்பது பெரும்பாலும் எடுபடாது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள் (பயண நேரம் தனி), அதற்குள் நிஜ வக்கீல் வேண்டும். காசில்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.