மதிய வெயிலில் எழும்பிய தளம்: பொறுப்பு விற்றவருக்கா, விரித்தவருக்கா?

கேள்வி: சிறிய அளவில் சைட் வேலைகள் எடுத்துச் செய்கிறேன். பக்கத்தில் ஊரே இல்லாத ஓர் இடத்தில், துளையிடும் ரிக்கைப் பழுதுபார்க்கத் தற்காலிகத் தளம் போட வேண்டியிருந்தது. ஒன்றோடொன்று கோத்துப் பூட்டும் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பேனல்கள் 400 வாங்கினேன். தளத்தின் நீளம் 30 மீட்டர். எப்படிப் போட வேண்டும் என்ற வரைபடத்தை விற்றவரின் இன்ஜினியரே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்றாவது வாரம், ஒரு மதியம், தளத்தின் நடுப்பகுதி கூரைபோல எழும்பிப் பூட்டுகள் உடைந்தன. ஒரு தொழிலாளி தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. "உறுதியான சமதரையில்தான் போட வேண்டும் என்று தாளிலேயே இருக்கிறது, மூன்று வாரம் பயன்படுத்தியும் விட்டீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்கிறார் விற்றவர். அந்தத் தாளை, பேனல்கள் அடுக்கி வந்த பேலட்டைப் பிரித்த பிறகுதான் பார்த்தேன். மெயின் கான்ட்ராக்டர் என் பில்லை நிறுத்திவைத்திருக்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: விற்றவரைப் பற்றிப் பேசும் முன் அந்தத் தொழிலாளியைப் பற்றிப் பேசிவிடலாம். உங்கள் கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அவருடைய சிகிச்சையும் வேலைக்கு வர முடியாத நாட்களின் ஊதியமும் உங்களுக்கும் விற்றவருக்கும் உள்ள வழக்கு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. பெரும்பாலான நாடுகளில், வேலையின்போது காயப்பட்டவர் இழப்பீடு பெற முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதே இல்லை. பேனலைச் செய்தவர் தவறு, விற்றவர் தவறு என்றெல்லாம் அவரிடம் நீங்கள் சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததை விற்றவரிடம் கேளுங்கள். விபத்தை உரிய அலுவலகத்துக்கும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே செய்யுங்கள். தாமதமான அறிவிப்பையே காரணமாகக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

சரி, இனி தளம். எச்.டி.பி.ஈ. வெயிலில் நன்றாகவே நீளும் பொருள். காலைக் குளிர்ச்சியில் 30 மீட்டருக்கு நெருக்கமாகப் பூட்டிய தளம், மதியத்தில் 30 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 10 சென்டிமீட்டர் நீளக்கூடும். அந்த நீளத்துக்கு இடம் விட்டிருக்க வேண்டும். இடமில்லாமல் இரண்டு முனைகளிலும் கனமான எதையாவது வைத்து அழுத்தியிருந்தால் நடுவில் எழும்புவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. நீங்கள் விவரிக்கும் 'கூரைபோல' என்ற தோற்றம் எனக்கு இதையே நினைவூட்டுகிறது. தரை மென்மையாக இருந்து கெட்டிருந்தால் பொதுவாகப் பாரம் நின்ற இடத்தில் தளம் கீழே அமுங்கியிருக்கும், பேனலின் அடிப்புறம் வளைந்திருக்கும். இதைச் சோதித்துச் சொல்ல வேண்டியவர் பிளாஸ்டிக் போன்ற பொருட்களின் தன்மையை ஆராயும் ஒரு நிபுணர், நான் இல்லை. ஆனால் வழக்கின் போக்கு இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது என்பதால் முதலிலேயே சொல்கிறேன்.

எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை உங்கள் கொள்முதல் ஒப்பந்தம் சொல்லும். பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றும் பல நாடுகளில், 1893-இல் பிரிட்டன் இயற்றிய பொருள் விற்பனைச் சட்டத்தின் வாசகங்களே சிறு மாற்றங்களோடு இன்றும் புழங்குகின்றன. எதற்காக வாங்குகிறோம் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய திறமையை நம்பி வாங்கியிருந்தால், பொருள் அந்த நோக்கத்துக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் எழுதாமலே அடங்கிய நிபந்தனை. விற்றவர் வேறு நாட்டில் இருந்தால், நாடுகளுக்கிடையிலான பொருள் விற்பனை பற்றிய 1980-ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம் பொருந்தக்கூடும். அதன் 35-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது.

ஆகவே உங்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆவணம், வாங்குவதற்கு முன் நீங்கள் அனுப்பிய செய்திகள். "ரிக் பழுதுபார்க்கும் தளம், திறந்தவெளி, நாள் முழுக்க வெயில்" என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா? ஃபோனில் மட்டும் சொன்னீர்களா? அந்த உரையாடலை வரிவரியாகத் தேடுங்கள். வெறும் "400 பேனல், இந்த மாடல்" என்று ஆர்டர் போட்டிருந்தால் உங்கள் நிலை பலவீனமாகும். பிராண்டு பெயரைச் சொல்லி நீங்களே தேர்ந்தெடுத்த பொருள் என்று அவர் வாதிடுவார். ஆனால் உங்களுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. வரைபடம் அவருடைய இன்ஜினியர் போட்டது.

இங்கே எனக்குப் பிடித்த பழைய வழக்கு ஒன்று உதவும். கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்று கப்பலுக்கான புரொப்பெல்லர்களைச் செய்யச் சொல்லி, தன் தேவைகளை வரைந்து கொடுத்தது. ஆனால் சில விவரங்களை, குறிப்பாகத் தகடுகளின் கனத்தை, செய்பவரிடமே விட்டுவிட்டது. வந்த புரொப்பெல்லர் தாங்க முடியாத சத்தம் போட்டது. 1934-இல், அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபை, வாங்கியவரே பாதி வடிவமைத்திருந்தாலும், விற்றவரிடம் விட்ட பகுதியில் பிழை இருந்தால் அதற்கு விற்றவர் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. தரையைச் சமன் செய்தது நீங்கள். விரிவு இடைவெளி எங்கே, எத்தனை என்று முடிவு செய்தது அவர். தளம் எழும்பியது இடைவெளி இல்லாததால் என்றால், அது அவருடைய பகுதியில் நேர்ந்த பிழை. வரைபடத்தில் இடைவெளி இருந்து, உங்கள் ஆட்கள் அதை மூடிப் பூட்டியிருந்தால் கதை தலைகீழாகிவிடும். அப்படி நடந்ததா என்று உங்கள் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். இப்போதே தெரிந்துகொள்வது, பிறகு நீதிமன்றத்தில் தெரிந்துகொள்வதைவிட நல்லது.

அப்புறம் அந்தத் தாள். 1949-இல் இங்கிலாந்தில் ஓர் ஓட்டல் வழக்கு வந்தது. பொருட்கள் திருடுபோனால் ஓட்டல் பொறுப்பல்ல என்ற அறிவிப்பு அறைக்குள் மாட்டப்பட்டிருந்தது. ஆனால் ஒப்பந்தம் வரவேற்பு மேசையிலேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்ணில் படும் நிபந்தனை ஒப்பந்தத்தில் சேராது என்றது நீதிமன்றம். பேலட்டுக்குள் கிடந்த தாளுக்கும் இதுவே பொருந்தும். ஆனால் கோட்டேஷனின் அடியில் 'எங்கள் பொது விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்ற வரி இருக்கிறதா, இதற்கு முன்பும் அவரிடம் வாங்கியபோது இதே தாள் வந்ததா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் இந்த வாதம் தேய்ந்துவிடும். தவிர, அது ஒப்பந்தத்தில் சேராவிட்டாலும், விரிக்கும் முன் நீங்கள் அதைப் படித்திருந்தால், படித்தும் ஏன் அப்படிப் போட்டீர்கள் என்ற கேள்வி வரும்.

மூன்று வாரம் பயன்படுத்தியதால் எல்லாம் போய்விட்டது என்று அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை அநேகமாகப் போயிருக்கும். நஷ்டஈடு கேட்கும் உரிமை போகாது. ஆனால் வியன்னா ஒப்பந்தம் பொருந்தினால், குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள், என்ன குறை என்று குறிப்பிட்டு அறிவிக்க வேண்டும். பொருள் கைக்கு வந்து 2 ஆண்டுகளுக்கு மேல் போனால் அந்த உரிமையே இல்லை. ஃபோனில் சண்டை போட்டது அறிவிப்பு ஆகாது என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள்.

உடைந்த பேனல்களைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். இது போன்ற சைட்களில் எல்லோரும் செய்யும் பெரிய தவறு இதுதான். வேலை நிற்கக் கூடாது என்று இரவோடு இரவாகப் பிரித்து ஓரமாகக் கொட்டிவிடுகிறார்கள். சாட்சியமும் அதோடு போய்விடும். எழும்பிய நிலையில் எடுத்த படங்கள், அளவுகோல் வைத்து எடுத்த இடைவெளிப் படங்கள், அன்றைய வெப்பநிலைப் பதிவு, பேனலின் அடியில் இருக்கும் தயாரிப்புத் தொகுதி எண், அடியிலுள்ள மண்ணின் நிலை, எல்லாம் வேண்டும். உடைந்தவற்றிலும் உடையாதவற்றிலும் சிலவற்றை எண்ணிட்டு நிழலில் பூட்டி வையுங்கள். பரிசோதனைக்கு விற்றவரையும் எழுத்தில் அழையுங்கள். வராவிட்டால், அழைத்ததற்கான சான்று உங்களிடம் இருக்கும்.

நஷ்டத்தைக் குறைக்க நீங்களும் முயல வேண்டும். மாற்றுத் தளம் கிடைத்தால் போட்டு வேலையைத் தொடங்குங்கள், பில்களை வையுங்கள். ரிக் சும்மா நின்ற நாட்களுக்கும் கேட்கலாமா என்றால், இடம் எவ்வளவு தொலைவு, மாற்றுப் பொருள் வர எத்தனை நாள் ஆகும் என்பது விற்கும்போதே அவருக்குத் தெரிந்திருந்தால் கேட்கலாம்.

மெயின் கான்ட்ராக்டர் விஷயம் தனி. உங்கள் பில்லில் எந்தப் பகுதியை, எந்தப் பிரிவின்படி நிறுத்தினார் என்று எழுத்தில் கேளுங்கள். முடித்த வேறு வேலைகளுக்கான பணத்தையும் சேர்த்து நிறுத்த, ஒப்பந்தத்தில் இடமில்லாவிட்டால், அவருக்கு உரிமை இல்லாமல் போகலாம். சைட் முழுவதின் பாதுகாப்பை ஒருங்கிணைக்கும் பொறுப்பு முதன்மை ஒப்பந்தக்காரருக்கு உண்டு என்று கட்டுமானப் பாதுகாப்பு பற்றிய 1988-ஆம் ஆண்டின் 167-ஆம் எண் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. அதே உடன்படிக்கை, தன் ஆட்களுக்கு ஒவ்வொரு முதலாளியும் பொறுப்பு என்றும் சொல்கிறது. அதனால் அவரைக் காட்டி நீங்கள் தப்பிக்க முடியாது.

விற்றவருக்கு இந்த வாரமே இப்படி எழுதுங்கள்: "நீங்கள் இன்ன தேதியில் அனுப்பிய வரைபடத்தின்படி போட்ட தளம், இன்ன தேதியில் நடுப்பகுதி எழும்பி இத்தனை பூட்டுகள் உடைந்தன. திறந்தவெளியில் ரிக் பழுதுபார்க்கும் தளத்துக்காக வாங்குகிறோம் என்று இன்ன தேதியிலேயே உங்களுக்குத் தெரிவித்திருக்கிறோம். உடைந்த பேனல்கள் பத்திரமாக உள்ளன. 7 நாட்களுக்குள் வந்து எங்களோடு சேர்ந்து பரிசோதிக்கலாம். வராவிட்டால் சுயேச்சையான நிபுணரைக் கொண்டு பரிசோதிப்போம். எங்கள் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை."