பல்லுக்கும் இ.எம்.ஐ. வேண்டாம்

கேள்வி: மதுரையில் தனியார் வேலை. கைக்கு வருவது ரூ.34,000. கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கேனால் செய்ய வேண்டும். ஒரு கிளினிக்கில் ஒரே சிட்டிங், சிர்கோனியா (வெள்ளை நிறச் செராமிக் வகை) கேப்போடு ரூ.18,000, 12 மாத ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’, பிராசஸிங் கட்டணம் ரூ.500. மொத்தமாகக் கட்டினால் ரூ.15,500. எங்கள் பகுதி டாக்டர் மூன்று சிட்டிங், மெட்டல் செராமிக் கேப்போடு ரூ.8,500 கேட்கிறார், வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். பைக், போன், டி.வி. தவணைக்கே மாதம் 8,100 போகிறது. பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த இ.எம்.ஐ. வேண்டவே வேண்டாம். ரொக்கத்துக்கு 15,500, தவணைக்கு 18,000 என்றால் வித்தியாசமான 2,500தான் வட்டி. பிராசஸிங் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 590. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்குச் சுமார் 36 சதவீதம். இதற்குப் பெயர் ‘நோ காஸ்ட்’! ஃபைனான்ஸ் கம்பெனி கிளினிக்குக்கு முதலிலேயே பணம் கொடுத்துவிடும். சிகிச்சை பிடிக்காமல் நீங்கள் பாதியில் வெளியே வந்தாலும் தவணை உங்கள் தலையில்தான்.

ஒரே சிட்டிங் என்பதாலேயே பல் கூடுதல் நாள் நிற்காது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், இரண்டு முறையிலும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார்கள். ஒரே சிட்டிங்கில் முதல் சில நாள் வலி சற்று அதிகம் இருக்கலாம். சீழோ வீக்கமோ இருந்தால் பல டாக்டர்கள் உள்ளே மருந்து வைத்துச் சில நாள் பொறுத்துத்தான் அடைப்பார்கள். எது தேவை என்பதை எக்ஸ்ரே பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும், தவணைத் திட்டம் அல்ல. ஒரு நாள் லீவு போட்டால் கூலி போய்விடும் என்பவருக்கு ஒரே சிட்டிங் உண்மையிலேயே லாபம். உங்களுக்கு மாதச் சம்பளம். மாலையில் போய் வரலாம்.

மூன்று சிட்டிங்கே ஒரு வட்டியில்லாத் தவணைதான். முதலில் 2,000, அடுத்து 2,500, கேப் வைக்கும்போது 4,000 எனப் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் 8,500 முழுவதையும் இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். முதல் சிட்டிங்கில் வலி போனதும் பலர் நின்றுவிடுகிறார்கள். தற்காலிக அடைப்பு மாதக்கணக்கில் தாங்காது. பல் உடைந்தால் பிடுங்கி இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்க இதைப்போல் பல மடங்கு செலவாகும்.

எனக்குக் கவலை உங்கள் பல் அல்ல, 8,100. சம்பளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு! அவசரம் எது வந்தாலும் தவணையைத் தேடும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. போன் தவணை முடிகிற மாதமே அதே தொகைக்கு ஒரு ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டுச் சேர்க்கும் கணக்கு) தொடங்குங்கள். அதில் 25,000 சேரும்வரை புதிதாக எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.