வடமாநிலத் தொழிலாளர்களால்தான் சேலத்தில் மருந்துக்குக் கட்டுப்படாத டிபி பரவுகிறதா?

சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்து போனது.

முதலில் சித்தப்பா. பிறந்ததும் வளர்ந்ததும் செவ்வாய்ப்பேட்டை. டிபி என்று ஆறு மாத மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் மாதமே இருமல் நின்று கன்னம் தேறிவிட்டது. ‘எனக்கென்னப்பா, நல்லாத்தானே இருக்கேன்’ என்று விட்டுவிட்டார். இருமினால் நாலு நாள் போடுவார், நின்றால் மறப்பார். ஒன்றரை வருஷம் கழித்துச் சளியை ட்ரூநாட் என்ற கிருமிப் பரிசோதனைக் கருவியில் பார்த்தபோது, டிபிக்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் இனி கேட்காது என்று வந்தது.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்துகொண்டேன். நுரையீரலில் குழி விழுந்தால் அதற்குள் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். அதில் ஐசோனியாசிட் என்ற இன்னொரு டிபி மருந்துக்கு அடங்காதது சுமார் பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று, இயல்பாகவே உண்டு. இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் அடங்காதது தானாக இருப்பது அபூர்வம். அதனால்தான் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டால் சாதுவான கிருமி செத்து, முரட்டுக் கிருமி தங்கிப் பெருகும். அதற்கு ஆதார் அட்டையில் எந்த ஊர் என்பது தெரியாது.

இனி பட்டறைப் பையன், பீகார்க்காரன். மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் ‘கூன், கூன்’ என்று அலறினான். எனக்கு முதுகுக் கூன்தான் ஞாபகம் வந்தது. ரத்தம் என்கிறான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அவ்வளவுதான். ஆனால் அதை இந்தியில் சொல்ல ஆளில்லாததால் மாத்திரை அட்டையைப் பாய்க்கு அடியில் ஒளித்துவிட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். நல்லவேளை, பிடித்துவிட்டோம். சத் பூஜைக்கு ஊருக்குப் போனபோதும் நிக்ஷய் எண்ணை (டிபி நோயாளிகளுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்) அவன் ஊருக்கே மாற்றிவிட்டார்கள். தீர்ந்த அட்டையை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புவான். ஆறு மாதமும் முடித்தான்.

அமெரிக்காவில் டிபி வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்பதைப் படித்துவிட்டு, இங்கேயும் அதே கணக்கு என்கிறார்கள் சிலர். அங்கேயே அது பெரும்பாலும் எப்போதோ உடம்புக்குள் போய்த் தூங்கின கிருமி எழுந்துகொள்வதுதான், புதிதாகப் பரவுவது குறைவு. தவிர, உலக டிபி நோயாளிகளில் நான்கில் ஒரு பங்கு இந்தியாவில். அவர்கள் பார்வையில் நாம் எல்லோருமே வந்தேறிகள் பக்கம்தான்!

வெளியூர்க்காரர்களுக்கு ஆபத்து அதிகமா என்றால், அதிகம்தான். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேர், கொசுவுக்குப் பயந்து எப்போதும் ஜன்னல் சாத்தியே இருக்கும். அந்த அறைக்கு வாடகை பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். இப்போது கொசுவலை அடித்து ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்.

பட்டறைப் பையனோடு தங்கியிருந்த ஐந்து பேரையும் பரிசோதித்தோம், யாருக்கும் இல்லை. சித்தப்பா வீட்டில்தான் சித்திக்கு வந்தது, அதே மருந்து கேட்காத வகை. அதற்கு முன் ஒரு டிபி மாத்திரையைக்கூட அவர் தொட்டதில்லை.