ஷூட்டிங் நின்றுபோன என் சீரிஸ் திரும்பி வருமா?

கேள்வி: அமெரிக்காவில் திரை எழுத்தாளர்கள் மே மாதத்திலிருந்து ஸ்ட்ரைக் செய்கிறார்கள். நான் காத்துக்கொண்டிருக்கும் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ கடைசி சீசன் நின்றுவிட்டதாம். ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ மட்டும் நடக்கிறதாம். கதையைத்தான் எழுதிவிட்டார்களே, எடுத்து முடிக்க வேண்டியதுதானே? எழுத்தாளர்களுக்கு ஆதரவாக நெட்ஃபிளிக்ஸ் சந்தாவை நிறுத்திவிடலாமா? (கல்லூரி மாணவி, திருச்சி. ஜூன் 2023)

பதில் (ஜூன் 2023 நிலவரம்): ஸ்ட்ரைக் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2007 நவம்பர் 5இல் தொடங்கியது 100 நாள் ஓடியது. 1988இல் ஐந்து மாதம். நீங்கள் பார்க்க வேண்டியது, உங்கள் சீரிஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான்.

ஷூட்டிங் முழுக்க முடிந்து எடிட்டிங், கிராஃபிக்ஸ் வேலையில் இருந்தால் பெரிய பயமில்லை, சொன்ன தேதிக்கு அருகிலேயே வந்துவிடும். எழுத்தே முடியாதது என்றால், ஸ்ட்ரைக் நடக்கும் ஒவ்வொரு நாளும் அப்படியே தாமதத்தில் சேரும். சிக்கல் நடுவில் இருப்பவற்றுக்குத்தான்: ஸ்கிரிப்ட் கையில் இருக்கிறது, ஷூட்டிங் தொடங்கவில்லை அல்லது பாதியில் நிற்கிறது. உங்கள் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் இந்த ரகம். ஷூட்டிங் தொடங்கினாலும் எழுத்து நிற்பதில்லை, அதனால் ஸ்ட்ரைக்கின்போது எடுக்க முடியாது என்று அதை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள் மே முதல் வாரமே அறிவித்துவிட்டார்கள்.

‘எழுதிவிட்டார்களே’ என்று நீங்கள் கேட்பதற்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. செட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தெருவில் எடுக்க வேண்டிய காட்சி. மழை கொட்டுகிறது, ஜன்னல் இல்லாத ஒரு அறை செட்டுக்கு மாற்றுகிறார்கள். ‘அதோ அந்தக் கார் மறுபடியும் வருது பார்’ என்ற வசனம் இனிச் செல்லாது. கார் வந்ததை வேறு விதமாகத் தெரிவிக்க வேண்டும். இரண்டு எபிசோட் தள்ளி அதே காரை வைத்து ஒரு திருப்பம் இருந்தால் அதையும் சரிபார்க்க வேண்டும். இதையெல்லாம் அங்கேயே நின்று செய்பவர் ஷோரன்னர், அதாவது சீரிஸின் தலைமை எழுத்தாளர். அவர் தயாரிப்பாளர் மட்டுமல்ல, எழுத்தாளர் சங்க உறுப்பினரும்கூட. ஸ்ட்ரைக்கில் அவர் பேனாவைத் தொடக்கூடாது. நேரம் கூடிப்போன எபிசோடில் நான்கு வரி வெட்டுவதுகூட எழுத்து வேலைதான் என்கிறது சங்கம். இன்னொரு தடையும் உண்டு. ஸ்டுடியோ வாசலில் மறியல் நின்றால் டீம்ஸ்டர்ஸ் சங்க லாரி ஓட்டுநர்கள் பலர் அதைத் தாண்டி வண்டியை உள்ளே விடுவதில்லை. லைட்டும் ஜெனரேட்டரும் வராமல் ஷூட்டிங் ஏது? நியூயார்க்கில் ‘செவரன்ஸ்’ இரண்டாம் சீசன் மே மாதம் மறியலால்தான் நின்றது.

ஹவுஸ் ஆஃப் த டிராகன் கதை வேறு. ஸ்ட்ரைக்குக்கு முன்பே எல்லா ஸ்கிரிப்டும் முடிந்துவிட்டன, ஷூட்டிங்கும் பிரிட்டனில் நடக்கிறது. தொடர முடிகிறது என்பதாலேயே அது எல்லாருக்கும் நல்ல வழி என்று நினைக்காதீர்கள். 2007இல் தொடங்கிய போன ஸ்ட்ரைக்கின்போது அரைகுறை ஸ்கிரிப்டோடு எடுத்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’. எழுத்தாளரை வேலைக்கு வைக்க முடியாமல் தானும் இயக்குநரும் காட்சிகளைத் திருத்திக்கொண்டிருந்ததை பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க்கே பின்னாளில் சொன்னார். உங்கள் கடைசி சீசன் அந்தக் கதிக்கு வருவதைவிட ஒரு வருஷம் தள்ளிப்போவது எவ்வளவோ மேல்.

போன தடவை யார் பிழைத்தார்கள் என்பதையும் சொல்கிறோம். ‘பிரேக்கிங் பேட்’ முதல் சீசன் ஒன்பது எபிசோடாகத் திட்டமிட்டது ஏழோடு முடிந்தது. ‘லாஸ்ட்’ நான்காம் சீசன் 16 எபிசோடுக்குப் பதில் 14. ‘24’ ஏழாம் சீசன் 2008 ஜனவரியிலிருந்து 2009 ஜனவரிக்குப் போனது. மூன்றும் தப்பித்தன. ஆனால் ‘புஷிங் டெய்சீஸ்’ போன்ற புது சீரிஸ் ஒன்பது எபிசோடோடு நின்று, பத்து மாதம் கழித்துத் திரும்பியபோது ரசிகர்கள் கலைந்திருந்தார்கள். இரண்டாவது சீசனோடு மூடிவிட்டார்கள். ஆகவே, பெயர் நிலைத்த சீரிஸுக்காகக் கவலைப்படுவதைக் குறைத்து, போன வருஷம் தொடங்கிய சின்ன சீரிஸ் ஏதாவது உங்களுக்குப் பிடித்திருந்தால் அதைக் கவனியுங்கள்.

நாள் கணக்கு ஒன்று. 2008இல் ஸ்ட்ரைக் முடிந்ததும் காமெடி சீரிஸ்கள் ஒரு மாதத்துக்குச் சற்று மேலேயே புது எபிசோடோடு வந்தன. ஒரு மணி நேர டிராமாக்களுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். அது வாராவாரம் எழுதி எடுக்கும் டிவி சேனல் முறை. ஓடிடியில் சீசன் மொத்தத்தையும் எடுத்து முடித்துத்தான் வெளியிடுவார்கள், அதிலும் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் அளவு கிராஃபிக்ஸ் என்றால் ஷூட்டிங் முடிந்த பிறகே பல மாதம் பிடிக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 2025க்கு முன் அதை எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது.

சந்தாவை நிறுத்துவது பற்றி: எழுத்தாளர் சங்கம் இதுவரை யாரையும் சந்தாவை ரத்து செய்யச் சொல்லவில்லை. அவர்கள் கேட்காத போராட்டத்தை நாமாகக் கையில் எடுப்பது சரியில்லை. பார்வை குறைந்தால் முதலில் வெட்டு விழுவது நாம் சொன்ன அந்தச் சின்ன சீரிஸ்களுக்குத்தான். காசு மிச்சமாக வேண்டும் என்பதற்காக நிறுத்தினால் அது உங்கள் விருப்பம். ரத்து செய்தபின்னும் சில மாதம் வரை நெட்ஃபிளிக்ஸ் உங்கள் புரொஃபைலையும் பார்த்த பட்டியலையும் வைத்திருக்கும். ஒரே ஒரு சீரிஸுக்காக எந்த ஓடிடியிலும் வருடச் சந்தா மட்டும் இப்போது எடுக்காதீர்கள். ஹவுஸ் ஆஃப் த டிராகன் போன்ற ஹெச்பிஓ சேனல் சீரிஸ்களுக்காக வருடத் திட்டம் ஒன்றில் சேர நினைத்தால், நீங்கள் எதிர்பார்ப்பது அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் வருமா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

உதவ மனமிருந்தால் வழி இருக்கிறது. வேலையின்றி நிற்கும் லைட்மேன், மேக்கப் கலைஞர் உட்படத் திரைத் தொழிலாளர்களுக்கு உதவும் ‘என்டர்டெயின்மென்ட் கம்யூனிட்டி ஃபண்ட்’ ஆன்லைனில் நன்கொடை வாங்குகிறது. மாணவியான உங்களிடம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. எழுத்தாளர்கள் ஏன் தெருவில் நிற்கிறார்கள் என்று நண்பர்களிடம் சரியாகச் சொன்னாலே பெரிய விஷயம். சங்கம் போட்ட கணக்குப்படி எழுத்தாளர்கள் கேட்டது வருடத்துக்கு 42.9 கோடி டாலர். ஸ்டுடியோக்கள் தர முன்வந்தது 8.6 கோடி. டிவி எழுத்தாளர்களில் பாதிப் பேர் இன்று குறைந்தபட்சச் சம்பளத்துக்கே எழுதுகிறார்கள். டிவி சேனலில் மறுஒளிபரப்பு ஆக ஆக வந்துகொண்டிருந்த ராயல்டி, ஓடிடியில் எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் கூடுவதில்லை. ஏஐ எழுதிய வரைவைத் திருத்தும் கூலியாளாகத் தங்களை மாற்றிவிடக்கூடாது என்பதும் அவர்கள் கோரிக்கை.

இனி ஜூன் 30ஐக் கவனியுங்கள். நடிகர் சங்கத்தின் ஒப்பந்தம் அன்று முடிகிறது; ஸ்ட்ரைக்குக்கு அனுமதி கேட்ட வாக்கெடுப்பில் 97.91 சதவீதம் பேர் சம்மதித்திருக்கிறார்கள். நடிகர்களும் இறங்கினால் ஷூட்டிங் முடிந்த சீரிஸ்களுக்குக்கூட டப்பிங்கில் சேர்க்க வேண்டிய வசனங்களும் விளம்பரப் பேட்டிகளும் நின்றுபோகும். அப்போது மேலே ‘பயமில்லை’ என்று சொன்ன ரகத்திலும் சிலவற்றின் தேதி தள்ளிப்போகலாம்.