சொந்த நோட்புக் திரைக்குப் பின்னால் எந்த சர்வர்?

கேள்வி: பைத்தான் நோட்புக்குக்கு ரியாக்டில் நானே ஒரு திரை எழுதியிருக்கிறேன். செல்களை, அதாவது நிரல் எழுதும் கட்டங்களை, இயக்க மட்டும் பின்னால் ஒரு சர்வர் வேண்டும். அதற்காக ஜூபிட்டர்லேப் முழுவதையும் நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஜூபிட்டர்லேப் பிரவுசரில் தெரியும் பகுதிதான். அடியில் உழைப்பது ஜூபிட்டர் சர்வர். அதைத் தனியாகவே நிறுவி ஓட்டலாம். நிரலை உண்மையில் இயக்கும் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர்; அதை மட்டும் திறந்து தரும் கெர்னல் கேட்வே என்று இன்னொரு சர்வரும் இருக்கிறது. எதை எடுப்பது என்பது நோட்புக் கோப்பு யாரிடம் இருக்கப்போகிறது என்பதைப் பொறுத்தது. கோப்பைத் திறப்பது, சேமிப்பது எல்லாம் சர்வரே பார்க்கட்டும் என்றால் ஜூபிட்டர் சர்வர். செல்களை உங்கள் டேட்டாபேஸிலேயே வைக்கிறீர்கள், நிரல் ஓடினால் போதும் என்றால் கெர்னல் கேட்வே. அதில் கோப்புகளுக்கான ஏபிஐயே கிடையாது. முடிவு செய்யவில்லையா? ஜூபிட்டர் சர்வரில் தொடங்குங்கள். இரண்டும் கெர்னலோடு ஒரே மாதிரிதான் பேசும் என்பதால் பின்னால் மாற்றுவது பெரிய வேலை இல்லை.

கஷ்டம் எல்லாம் வெப்சாக்கெட்டில்தான், அதாவது திரைக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தே இருக்கும் இணைப்பில்தான். ஒரு செல்லை இயக்கினால் பதில் இரண்டு வழியாக வரும்: 'முடிந்தது' என்ற பதில் ஷெல் சேனலில், பிரிண்ட் செய்ததும் படங்களும் ஐயோபப் சேனலில். எது முந்தும் என்று சொல்ல முடியாது. ஷெல் பதில் வந்ததுமே செல்லை மூடிவிடும்படி முதலில் எழுதியவன் நான். அவ்வப்போது கடைசி வரி மட்டும் காணாமல் போகும்! ஐயோபப்பில் அந்தக் கோரிக்கைக்கான 'ஐடில்' (வேலை முடிந்து சும்மா இருக்கிறது) நிலை வரும்வரை காத்திருங்கள். எந்தச் செல்லின் பதில் என்பதை பேரன்ட் ஹெடரில் (மூலக் கோரிக்கையைக் குறிக்கும் பகுதி) உள்ள மெசேஜ் ஐடி காட்டும். இதையெல்லாம் கையால் எழுதப் பொறுமை இல்லையென்றால், ஜூபிட்டர்லேப்பின் 'சர்வீசஸ்' என்ற என்பிஎம் பேக்கேஜை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இணைப்பு அறுந்தால் ஜூபிட்டர் சர்வர் செய்திகளைச் சேர்த்து வைக்கும். ஆனால் அதே செஷன் ஐடியோடு திரும்பினால்தான் கொடுக்கும். பக்கம் ரீலோட் ஆகும்போதெல்லாம் புது ஐடி உருவாக்காதீர்கள்.

சும்மா கிடக்கும் கெர்னலை சர்வர் தானாக நிறுத்தாது. அந்தக் கால வரம்பு இயல்பாக 0, அதாவது நிறுத்துவதே இல்லை. அதை அமைத்த பிறகும், யாராவது டேபைத் திறந்தே வைத்திருந்தால் அவருடைய கெர்னல் தப்பிக்கும். அதையும் நிறுத்தத் தனி அமைப்பு உண்டு.

சர்வருக்குள் நுழையக் கேட்கும் டோக்கனை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கெர்னலைத் தொடுபவர் அந்த மெஷினில் எதையும் இயக்கலாம். பல பேர் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் ஆளுக்கொரு சர்வர் தரும் ஜூபிட்டர்ஹப்பைப் பாருங்கள்.