மார்கழியிலும் உதிராத உண்ணி

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் இரண்டு ஜெர்சி கலப்பினக் கறவைகள் வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் மார்கழி, தை மாதங்களில் உண்ணி குறைந்துவிடும். இப்போது வருடம் முழுக்க இருக்கிறது. மருந்து தெளித்தாலும் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுப் பசு காய்ச்சல் கண்டு, காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்து இறந்துபோனது. பருவநிலை மாறியதுதான் காரணம் என்கிறார்கள். உண்மையா ஐயா?

பதில்: பாதி உண்மை, அம்மா. மீதிப் பாதி நம் கொட்டகைச் சுவரில் இருக்கிறது.

உங்கள் மாட்டின் மடியிலும் வாலடியிலும் ஆமணக்கு விதை அளவுக்கு உப்பித் தொங்குகிறதே, அது இரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி. அது தானே கீழே விழுந்து, தரை வெடிப்பிலோ சாணக்குழி ஓரத்திலோ இரண்டாயிரம், மூவாயிரம் முட்டைகளை இட்டுவிட்டுச் சாகும். வெப்பம் 27 முதல் 30 டிகிரிக்குள் இருந்து, ஈரமும் இருந்தால் சுமார் மூன்று வாரத்தில் முட்டை பொரியும். 20 டிகிரிக்கு இறங்கினால் அதைப்போல் இரண்டு மடங்கு நாளாகும். மார்கழிப் பனியில் உங்களுக்குக் கிடைத்த ஓய்வு இந்தத் தாமதம்தான். இரவுகள் வெதுவெதுப்பாகிவிட்டால் அந்த ஓய்வு சுருங்கிப்போகிறது.

மழையும் காலம் தவறுகிறது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அறுவடைக்கு நின்ற சம்பா நனைந்து நாம் பட்ட பாடு மறக்காது. நெல்லுக்குக் கேடான அந்த ஈரம் உண்ணிக் குஞ்சுக்கு வரப்பிரசாதம். வறண்ட வெயிலில் காய்ந்து சாக வேண்டிய குஞ்சுகள், ஈரம் கிடைத்தால் வரப்புப் புல் நுனியில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் வானத்தின் தலையில் போட்டுவிட முடியாது. நம் உம்பளச்சேரி மாடு தோலைச் சிலிர்த்து, நக்கி, உண்ணியைப் பெரும்பாலும் தானே உதிர்த்துவிடும். ஜெர்சி கலப்பினத்துக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. உண்ணிக் காய்ச்சலும் அதைத்தான் கடுமையாகத் தாக்கும். சந்தையில் வாங்கிய மாட்டை அன்றே கொட்டகையில் கட்டுவதும் நாம் செய்கிற வேலைதான். புது மாட்டை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள்.

பக்கத்து வீட்டுப் பசுவுக்கு வந்தது பெரும்பாலும் உண்ணி பரப்பும் பபேசியா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோய். சிவப்பணுக்கள் உடைவதால்தான் சிறுநீர் காப்பி நிறமாகிறது. தைலேரியா என்று இன்னொன்று உண்டு. அதில் கடுங்காய்ச்சலோடு தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டிப் புடைத்திருக்கும். அதைப் பரப்புவது காலில் வெள்ளை வரியோடிய வேறு இன உண்ணி, சுவர் இடுக்கில் பதுங்குவது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆகவே ஊசி போடும் முன்பே காதோர நரம்பில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமல் போடும் ஊசியில் காசும் நாளும் போகும். சில சமயம் மாடும் போகும்.

மருந்து தெளித்தும் திரும்பி வருவதற்குக் காரணம், மாட்டின் மேல் நீங்கள் பார்ப்பது கூட்டத்தில் ஒரு சிறு பங்கு என்பதுதான். தெளிக்கும்போது காதுக்குள், அலைதாடி, தொடையிடுக்கு, வாலடி எதையும் விடாதீர்கள். சரியாக மூன்று வாரம் கழித்து மறுபடியும் தெளியுங்கள். மருந்தை அளவு குறைத்துக் கலக்காதீர்கள்; அரைகுறை மருந்தில் தப்பிய உண்ணியின் வாரிசு அதே மருந்துக்கு அசையாது. டெல்டாமெத்ரின் என்னும் உண்ணி மருந்து பல இடங்களில் பலிக்காமல் போனது இப்படித்தான்.

அதே நாளில் கொட்டகையையும் பாருங்கள். சுவர் வெடிப்பைச் சிமென்டால் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். குப்பையும் சாணமும் சுவரோரம் சேரக்கூடாது. தீப்பீய்ச்சியால் சுவரைச் சுடுவது நல்ல வழி, ஆனால் கீற்றுக் கொட்டகையில் அந்த யோசனையே வேண்டாம். நாலு நாட்டுக்கோழி விட்டால் விழுந்த உண்ணியைப் பொறுக்கித் தின்னும். காலையில் அறுத்த வரப்புப் புல்லை நேரே தொட்டியில் போடாமல் வெயிலில் ஆறவிட்டுப் போடுங்கள்.

உண்ணி குறைவாக இருக்கும்போது மூலிகையே போதும். பத்துப் பல் பூண்டு, வேப்பிலை, துளசி, உண்ணிச்செடி இலை தலா ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வாரம் ஒருமுறை தடவலாம். உடம்பெல்லாம் மொய்த்த பிறகு இதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

உண்ணியைக் கொல்லப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கறவை மாட்டுக்கு நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். அது பாலில் இறங்கும். மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, அசை போடுவது நின்று, கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தால் மறுநாளுக்குத் தள்ளாமல் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 எண்ணுக்கு அழையுங்கள்.